மைக்கில் ஒடிந்த கால்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கை துறுதுறுவென்று இருக்கும். எந்தப் பூட்டைப் பார்த்தாலும் உடைக்கத் தோன்றும், எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஏறத் தோன்றும். இருக்கட்டும். அந்தத் துறுதுறுப்பு இல்லாதவர்களை நாங்கள் எடுப்பதே இல்லை. ஆனால் நான் இங்கே எழுதப் போவது ஒரு பூட்டைக்கூடத் தொடாமல் நாங்கள் ஜெயித்த கதை. இத்தனை வருடப் பணியில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள எனக்கு நாலைந்து விஷயங்கள் உண்டு. அவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

கமாண்டோ படையோடு சேர்ந்து வேலை செய்யும் சைபர் பிரிவில் நான் லெப்டினன்ட் கர்னலாக இருந்த காலம் அது. கமாண்டோக்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் ‘ஏசி ரூம் பட்டாளம்’. மலையிலிருந்து இறங்கி வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, “விரல் வலிக்கிறதா மேடம், தைலம் வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போவான். நானும் விட மாட்டேன். “எந்தப் பக்கம் போனால் உயிரோடு திரும்புவாய் என்று சொன்னதே இந்த விரல்தான், போய்க் குளி” என்பேன். இந்தக் கேலிக்கு அடியில் ஓர் உண்மை இருப்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். அவர்கள் கால் வைக்கப் போகும் இடத்துக்கு எங்கள் கண் முன்னாலேயே போயிருக்க வேண்டும். எங்கள் கண் ஏமாந்தால் அவர்கள் உயிர் போகும்.

எதை எப்படித் திறந்தோம், எங்கே நுழைந்தோம் என்பதையெல்லாம் எழுத மாட்டேன். அதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதுவும் என் காலத்துக்கு இப்போது எவ்வளவோ மாறியிருக்கும். நடவடிக்கை நடந்த மலையின் பெயரோ அதை ஒட்டிய ஊரின் பெயரோ வராது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாடுகளின் பெயர்களை மட்டும் மாற்றவில்லை, அவை கேஸ் போடப் போவதில்லை.

எல்லையோர மலையில் சாலை போடப் போன இரண்டு பொறியாளர்களை ஓர் ஆயுதக் கும்பல் பிடித்துக்கொண்டு போய்ச் சரிவிலிருந்த ஒரு கல்வீட்டில் அடைத்து வைத்திருந்தது. தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே செய்திதான். நம் கமாண்டோக்கள் பத்துப் பேர் யாருக்கும் தெரியாமல் எதிர்ச்சரிவுக்குப் போய்ப் பாறைகளுக்கு நடுவே பதுங்கியிருந்தார்கள். கல்வீட்டின் பின்பக்கத்துக்குப் போக ஒரே ஒரு வழிதான். பனிமூட்டம் விலகவேண்டும், இருட்டில் மெல்ல மெல்ல இறங்கவேண்டும். செவ்வாய்க்கிழமை விடியலுக்கு முன்னால் அவர்களால் பாய முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஹவில்தார் கருப்பையா. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், அறந்தாங்கிக்கு மேற்கே ஒரு கிராமம். நான் ஆவூர்ப் பக்கம். முகாமில் ஆயிரம் பேர் இருந்தாலும் என்னைப் பார்த்தால் மட்டும், “நல்லா இருக்கீங்களா மேடம், ஊருக்குப் பேசுனீங்களா?” என்று கேட்பார். இந்தியும் ஆங்கிலமும் கேட்டுக் கேட்டுச் சலித்த காதுக்கு அது குற்றாலத்தில் குளித்த மாதிரி இருக்கும்.

அந்தக் கும்பலுக்கு வெளியே ஒரு உளவாளி இருந்தான். மலையில் இல்லை, வேறொரு ஊரில் ஓர் அறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பான். நம் வீரர்களின் வீட்டார் இணையத்தில் போடும் படங்களையும் வீடியோக்களையும் பார்த்து, யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துக் கும்பலுக்குச் சொல்வதுதான் அவன் வேலை. நாங்கள் அவனுக்கு ‘ஜன்னல்’ என்று பெயர் வைத்திருந்தோம். அவன் அனுப்பும் சேதியும் அவனுக்கு வரும் சேதியும் எங்களுக்குத் தெரியும். தெரிகிறது என்பது அவனுக்குத் தெரியாது. கல்வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் ஒரு வீடியோவைக் கும்பலுக்கு அனுப்பினான். திரையில் ஒரே புழுதி, ஒரு வாடிவாசல், ஒலிபெருக்கிச் சத்தம். என் பக்கத்தில் இருந்த கேப்டன் நீரஜ், எங்கள் பிரிவிலேயே மூளைக்காரன், “என்ன மேடம் இது, ஏதோ கலவரம் மாதிரி இருக்கிறது?” என்று கேட்டான். கலவரம் இல்லை, ஜல்லிக்கட்டு. எங்கள் மாவட்டத்து ஜல்லிக்கட்டு. மைக்காரர் பேசியது இதுதான்:

“அடுத்து அவுக்கப் போறது கருவாயன். மாட்டுக்காரரு மிலிட்டரி கருப்பையா. சாதா மிலிட்டரி இல்லங்க, கமாண்டோ. டிவில காட்டுறாங்கள்ல, ரெண்டு இன்ஜினியர புடிச்சு வச்சிருக்கான்னு? அவங்கள மீட்கத்தான் போயிருக்காரு. நாலு நாளா போன் ஆஃப். ஆளு அங்கிட்டு பனிமலையில நிக்கிறாரு, மாடு இங்கிட்டு நிக்கிது. தொட்டுப்பாரு. தொட்டவனுக்கு ஒரு சில்வர் அண்டா.”

உடனே எங்கள் பிரிகேடியருக்கு ஆள் அனுப்பினேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் தை பிறந்துவிட்டால் ஊர் மாற்றி ஊர் மாடு அவிழ்ப்பார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கும் உண்டு, மாரியம்மன் திருவிழாவுக்கும் உண்டு. வாடிவாசலில் மாடு மட்டும் வராது, மாட்டுக்காரனின் பெருமையும் சேர்ந்தே வரும். தலைவர் மாடு, வக்கீல் மாடு, சிங்கப்பூர்க்காரர் மாடு என்று மைக்கில் சொன்னால்தான் வீட்டாருக்குத் திருப்தி. யாரும் பிடிக்காத மாட்டுக்கு எவ்வளவு மதிப்போ, மைக்கில் நீளமாகச் சொல்லப்பட்ட பெயருக்கும் அவ்வளவு மதிப்பு. கருப்பையாவின் தம்பி ராசு அந்த ஆசையில்தான் மைக்காரர் காதில் ஓதியிருக்கிறான். அண்ணன் எங்கே போனார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தொலைக்காட்சிச் செய்தியையும் அண்ணனின் அணைந்த போனையும் அவனாகவே முடிச்சுப் போட்டிருக்கிறான். முடிச்சு சரியாக விழுந்துவிட்டது. அதோடு விடாமல் அந்தத் துண்டு வீடியோவைத் தன் பக்கத்திலும் போட்டு, ‘என் அண்ணன் மலையில்’ என்று எழுதியும் வைத்திருந்தான். எழுதியதையும் மைக்கில் பேசியதையும் மொழிபெயர்த்துக்கொள்ள ஜன்னலுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

கும்பலிடமிருந்து பதில் வந்தது. “நாளை மாலைக்குள் உண்மையா பொய்யா என்று உறுதி செய். உண்மை என்றால் இந்த இரண்டு பேரையும் சுமந்துகொண்டு நாங்கள் அலைய மாட்டோம்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பொறியாளர்கள் இருவரையும் கொன்றுவிட்டு எதிர்ச்சரிவைச் சல்லடை போட்டுத் தேடுவார்கள். அங்கே நம் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் பிரிகேடியர் உடனே அறைக்கு வந்தார். நாங்கள் பேசிக்கொண்டது இந்தியிலும் ஆங்கிலத்திலும், நான் தமிழில் தருகிறேன். நீரஜ் முந்திக்கொண்டான். “சார், பத்து நிமிடம் கொடுங்கள். அந்த வீடியோவையும் அந்தத் தம்பியின் பக்கத்தையும் இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுகிறேன்.” அவனால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிகேடியரும் தலையை ஆட்டப் போனார்.

“வேண்டாம் சார்,” என்றேன். “அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். நாளைக்கு மறுபடியும் வந்து பார்க்கும்போது அது இல்லை என்றால், எடுத்தது யார் என்று யோசிப்பான். ஒரு கிராமத்து ஜல்லிக்கட்டு வீடியோவை மெனக்கெட்டு அழிக்க ராணுவத்தைத் தவிர யாருக்குத் தேவை? நாமே ஆமாம், உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.”

நீரஜ் அடுத்த யோசனையை எடுத்தான். ஜன்னலின் பெயரில் நாமே கும்பலுக்கு ‘விசாரித்தேன், பொய்’ என்று ஒரு சேதி அனுப்பிவிடலாமே. அதற்கும் நான் ஒப்பவில்லை. கும்பல்காரன் ஒரே ஒரு தடவை போனில் கூப்பிட்டு அவன் குரலைக் கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். அந்த நிமிடமே எங்கள் ஜன்னலும் அடைபட்டுவிடும், மலையில் இருப்பவர்கள் கண்ணில்லாமல் நிற்பார்கள்.

“அழிக்கவும் கூடாது, பேசவும் கூடாது என்றால் என்னதான் செய்யச் சொல்கிறாய்?” என்று பிரிகேடியர் கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். பயத்தை மறைக்கத் தெரியாத அதிகாரி அவர். அதனாலேயே எனக்கு அவர் மேல் மரியாதை.

“ஜன்னல் நம்மிடம் வந்து கேட்கப் போவதில்லை சார். அந்த ஊரைத்தான் கவனிக்கப் போகிறான். ஊரே அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.”

அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்த மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்த அறையில் இந்தக் கூச்சலுக்கு அர்த்தம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உனக்கு என்ன வேண்டும்?” என்றார்.

“ஒரு போன் கால்,” என்றேன்.

ராசுவை அழைக்கவில்லை. பெருமைக்கு வாயைத் திறந்தவன் பயத்திலும் திறப்பான். கருப்பையாவின் மனைவி கலைச்செல்வியை அழைத்தேன். அறந்தாங்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, “ஒங்க வீட்டுக்காரர் விஷயமா ஒரு உதவி வேணும்மா” என்று ஆரம்பித்தேன்.

“ராங் நம்பருங்க,” என்று வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். “எனக்கு வீட்டுக்காரரே இல்லைங்க,” என்று சொல்லி மறுபடி வைத்துவிட்டார்.

நீரஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கோ சிரிப்பு வந்தது, சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. தெரியாத குரலில் யார் வந்து கேட்டாலும் ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்று வீரர்களின் மனைவிமார்களுக்கு நாங்கள்தானே சொல்லிக் கொடுக்கிறோம். சொன்னதைக் கேட்ட ஒரு ஆத்மா இருக்கிறதே. கொஞ்ச நேரத்தில் அவரே, கணவர் எப்போதோ கொடுத்து வைத்திருந்த ரெஜிமென்ட் எண்ணுக்குப் பேசி, இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று விசாரித்து, அவர்கள் மூலமாகவே என் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க மேடம். இப்பச் சொல்லுங்க.”

“நீங்க செஞ்சதுதான்மா சரி. ஒங்க கொழுந்தன் இன்னைக்கி மைக்ல சொல்ல வச்சதப் பாத்தீங்களா?”

“பாத்தேன். போன் போட்டு வஞ்சேன். அதுக்கு அவன், ஊரே அண்ணனுக்குக் கை தட்டுச்சு மதினி, ஒங்களுக்கு மட்டும் ஏன் எரியுதுங்கிறான்.”

“அது நாளைக்குள்ள பொய்யாகணும்.”

“அப்ப அவன் சொன்னது நெசந்தானா மேடம்?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல முடியாது, இல்லை என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அவரே புரிந்துகொண்டார். “சரிங்க மேடம். கேக்கல. நான் என்ன செய்யணும்?”

என் யோசனையைச் சொன்னேன். கருப்பையா மலையில் இல்லை, பாராசூட் பயிற்சியில் விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஊரில் பேச்சு பரவ வேண்டும். அவர் உடனே மறுத்தார்.

“பாராசூட்டா? அதையும் பெருமையாத்தான் சொல்லுவாங்க மேடம். ராசு அதுக்கும் ஒரு பேனர் அடிப்பான். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருன்னு வச்சுக்குவோம். அதுக்கு எவன் பேனர் அடிப்பான்?”

இந்த இடத்தை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவன் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால் கேட்பவன் சந்தேகப்படுவான். தலைகுனிகிற மாதிரி ஒன்று வெளியே வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கணவன் உயிர் ஊசலாடுகிறது என்று தெரிந்த பிறகும் நிதானமாக யோசித்த ஒரு பெண் சொல்லித் தந்தார்.

யாரிடம் சொல்வது என்பதற்கும் அவரிடமே பதில் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு. அங்கேயும் அதே மைக்காரர்தான். இணையத்தில் ஓடும் அதே லைவ்தான். அந்த வீட்டின் இன்னொரு மாடு, ராசு வளர்க்கும் செவலை, அங்கே போகிறது. மைக்காரர் கலைச்செல்விக்குத் தாய்மாமன் முறை.

“மாமாகிட்ட சேதியச் சொல்லிட்டு, யாருக்கும் சொல்லிராதீங்க மாமான்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னாப் போதும் மேடம். மத்தத அவரு பாத்துக்குவாரு.”

“ராசு?”

“அவனுக்குத் தெரியவே கூடாது. அவனுக்கு நடிக்க வராது, கோவப்படத்தான் வரும். கோவப்படட்டும்.”

“ஒங்க மாமியாரு கேட்டாப் பதறுவாங்களேம்மா.”

“அவங்களுக்கும் பொய்தான் சொல்லணும். நாளைக்கி ஒரு நாள்தானே? நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறேன்.”

போனை வைத்தபிறகு பிரிகேடியரிடம் திட்டத்தைச் சொன்னேன். ஒரு கமாண்டோ நடவடிக்கையை வாயை அடக்கத் தெரியாத ஒரு மனிதரின் நாக்கில் கட்டித் தொங்கவிடுகிறாயே என்றார். ஆமாம் சார், அந்த நாக்குதான் இன்று நம்மைக் கெடுத்தது, அது தவறாமல் வேலை செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ‘செய்’ என்று சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் அறையின் பெரிய திரையில் ஜல்லிக்கட்டு. சுற்றிலும் அதிகாரிகள். பஞ்சாபிக்காரர், மணிப்பூர்க்காரர், மராட்டியர் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மாடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாததால் திரையைப் பார்த்த நேரத்தைவிட என் முகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஜன்னலும் அதே லைவில் இருந்தான், அது எங்களுக்குத் தெரிந்தது. மாடு மாடாக வந்தது, போனது. மைக்காரர் வக்கீல் மாட்டைப் புகழ்ந்தார், சிங்கப்பூர்க்காரர் மாட்டைப் புகழ்ந்தார், யாரோ ஒருவருக்குக் கட்டில் பரிசு கொடுத்தார். கருப்பையாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நீரஜ் என் காதருகே வந்து, “மேடம், அவர் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது?” என்றான். வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு மனிதர் இன்றைக்கா திருந்த வேண்டும் என்று மனதுக்குள் ஆவூர் மாதாவிடம் முறையிட்டேன்.

மத்தியானம் செவலை வாடிவாசலுக்கு வந்தது. மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அடுத்து ராசு மாடு. எந்த ராசு? அண்ணன் பனிமலையில சண்டைக்கிப் போயிருக்காருன்னு நேத்து எங்கிட்டச் சொல்லி என்னையச் சொல்ல வச்சானே, அந்த ராசு. ஏப்பா ராசு, ஒங்கண்ணன் பாத்ரூம்ல சோப்பு வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்காராமுல்ல? அது பனி இல்லப்பா, சோப்பு நொர.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. “என்ன சொல்கிறார்?” என்று பிரிகேடியர் கேட்டார். “பொறுங்கள் சார், மாடு வருகிறது,” என்றேன்.

மாடு வருவதற்கு முன்னால் ராசு வந்தான். மேடைமேல் தாவி ஏறி மைக்காரரின் சட்டையைப் பிடித்தான். “எவன் சொன்னது? எவன் சொன்னதுன்னு கேக்குறேன்ல?”

“ஒங்க வீட்லதான்யா சொன்னாங்க. சட்டைய விடு.”

ராசு அடுத்துச் செய்தது எங்கள் திட்டத்தில் இல்லை. போனை எடுத்து அங்கேயே மதினிக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். “மதினி, அண்ணன் எங்க? மாமா மைக்ல என்னென்னமோ ஒளறுறாரு. நீங்களே சொல்லுங்க, ஊரு கேக்கட்டும்.”

அந்தப் பெண் வீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் இருக்கிறார். எதிர்பாராத நேரத்தில் ஆயிரம் பேர் காதுக்கு முன்னால், அவர்களுக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு எதிரியின் காதுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் பிசகினால் பத்துப் பேரும் இரண்டு பேரும் போனார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களிடம் இருந்த அத்தனை கருவிகளில் ஒன்றுகூட அந்த நிமிடத்துக்கு உதவாது.

ஒலிபெருக்கியில் கலைச்செல்வியின் குரல் வந்தது.

“ஆஸ்பத்திரியிலதான்டா இருக்காரு. காலு எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்ருக்கு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அஞ்சு நாளா போன ஆஃப் பண்ணி வச்சிருக்காரு. ஒங்கிட்டச் சொன்னா மைக் போட்டு ஊருக்கே சொல்லுவேன்னுதான் சொல்லல. இப்ப என்ன, சொல்லிட்டியா? மாட்டப் புடிச்சுக்கிட்டு வீடு வந்து சேரு.”

அணைந்த போன் என்ற ஓட்டை ஒன்று திறந்தே கிடந்தது. நாங்கள் யாரும் அதை அடைக்க நினைக்கவில்லை. போகிற போக்கில் அவர் அடைத்துவிட்டார்.

சிரிப்பில் ஊரே அதிர்ந்தது. அந்த அமளியில் செவலை பாய்ந்து, யார் கையிலும் படாமல் எல்லையைத் தாண்டிவிட்டது. மைக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, “மாடு ஜெயிச்சிருச்சு. மாட்டுக்காரரோட அண்ணனுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர். கால் சரியாகுற வரைக்கும் ஒக்காந்துக்கட்டும்” என்றார். கேமரா ஒரு கணம் ராசுவின் முகத்தைக் காட்டியது. ஜெயித்த மாட்டுக்காரன் அப்படி ஒரு முகத்தோடு நின்று நான் பார்த்ததில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அண்ணன் மேல் வைத்த பிரியத்தில் பேசியவன் அவன், கெட்டவன் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ராசுவே தன் பக்கத்துக்குப் போய் முந்தின நாள் வீடியோவை அழித்தான். நாங்கள் அழிக்கத் துடித்த அதே வீடியோ. முந்தின நாள் நாங்கள் அழித்திருந்தால் அது ராணுவத்தின் வேலை. இன்று அவன் அழித்தது அவமானம் தாங்காத தம்பியின் வேலை. காத்திருந்ததில் எங்களுக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

ஜன்னல் கும்பலுக்கு எழுதினான்: “பொய். அண்ணன் கால் ஒடிந்து மருத்துவமனையில். தம்பி வாய்ச்சவடால் பேர்வழி. அவமானப்பட்டு வீடியோவை எடுத்துவிட்டான்.” கும்பலிடமிருந்து பதிலுக்கு வந்தது ஒரு சிரிக்கும் முகம். அவ்வளவுதான். நீரஜ் மேசையைக் குத்தி எழுந்தான். மணிப்பூர்க்காரர் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு பிரிகேடியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த மாடு ஜெயித்ததா?”

“ஜெயித்தது சார்.”

“அப்படியானால் நல்லது,” என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் உட்கார்ந்தார்.

கருப்பையாவுக்கு ஊரில் ‘சோப்புக் கமாண்டோ’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பதக்கம் வாங்கினார், எதற்கு என்று சொல்ல முடியாது. விடுமுறைக்குப் போனால் டீக்கடையில், “பாத்து நடங்கண்ணே, தரை ஈரமா இருக்கு” என்பார்கள். வருடக்கணக்கில் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அவர் ஓய்வுபெற்று, அனுமதி வாங்கிய பிறகுதான் ராசுவுக்கு விஷயம் தெரிந்தது. “அப்ப அன்னைக்கி நான் பொய் சொல்லலையா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

இனி அந்த விடியலைச் சொல்கிறேன். பனிமூட்டம் விலகியது. கல்வீட்டு வாசலில் வழக்கமாக இருவர் காவல் இருப்பார்கள், அன்று ஒருவன்தான். பயம் போய்விட்டதல்லவா, மற்றவன் தூங்கப் போய்விட்டான். அந்த ஒருவனின் போனில் நீரஜ் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருந்தது. நீரஜின் விரலுக்கான நிமிடம் அது, கச்சிதமாகச் செய்தான். உங்கள் திறமைக்கு வேலை வராமல் போகாது, அதற்குரிய நேரத்தில் வரும். காவல்காரன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பொழுதில் நம் ஆட்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். வெளியே வந்தபோது எங்கள் திரையில் ஓடிய ட்ரோன் படத்தில் எண்ணினேன். பத்தும் இரண்டும் பன்னிரண்டு. ஒரு தலைகூடக் குறையவில்லை. அறையே ஆரவாரம் செய்தது. பிரிகேடியர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் போனை எடுத்தேன். அந்த நேரத்துக்கும் கலைச்செல்வி முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“முடிஞ்சிருச்சும்மா. புடிச்சு வச்சிருந்த ரெண்டு பேரும் உசுரோட வந்துட்டாங்க. நம்ம ஆளுங்க பத்துப் பேரும் பத்திரம்.”

அவர் மிக மெதுவாக, “மேடம், அவரு காலு?” என்றார்.

முந்தின நாள் முழுக்க மாமியாரிடம், தலைமையாசிரியையிடம், அக்கம்பக்கத்தாரிடம், ஊர்க் கூட்டத்திடம் எல்லாம் அந்த ஒடிந்த காலைப் பற்றியே சொல்லி, மாவுக்கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பிப் பயந்துபோயிருந்தார். திரையைப் பார்த்தேன். வெளிச்சம் வந்துகொண்டிருந்த சரிவில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவரின் நடையை எனக்குத் தெரியும்.

“ரெண்டு காலும் நல்லா இருக்கும்மா,” என்றேன். “இந்தா, நடந்து வர்றாரு, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நடக்க முடியாத ஒரு இன்ஜினியர முதுகுல சொமந்துக்கிட்டு வர்றாரு.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நானும் அழுதேன், வெட்கப்படாமல் வாய்விட்டு அழுதேன். நீரஜ் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான்.